ரிசெப்டர் இல்லாத செல்லுக்கு சைட்டோகைன் வந்தும் ஒன்னுதான், வராததும் ஒன்னுதான்

பாடப்புத்தகத்துல ஹெல்பர் டி செல் படம் போட்டிருப்பாங்க பாருங்க, நடுவுல ஒரு உருண்டை, ஒரு பக்கம் ஐஎல்-12னு ஒரு அம்புக்குறி, இன்னொரு பக்கம் ஐஎல்-4னு ஒரு அம்புக்குறி, இது வந்தா டிஹெச்1ங்கிற வகை ஆகும், அது வந்தா டிஹெச்2ங்கிற வகை ஆகும், அவ்வளவுதான் கதை. படத்துல தப்பு எதுவும் இல்ல. ஆனா அதை வச்சுப் படிக்கிற முக்கால்வாசி பேருக்கு ஒரு விஷயம் விட்டுப்போயிடுது: அந்த அம்புக்குறி வந்து முட்டுற இடத்துல, அந்த நேரத்துல, அதைப் பிடிச்சுக்கிற ரிசெப்டர் இருக்கணும். அது எப்பவும் அங்க இருக்காது. இன்னைக்கு இருக்கும், நாளைக்கு காணாம போகும், அடுத்த நாள் பத்து மடங்கா வந்து நிக்கும். அதை ஏத்தி இறக்குறது யாருன்னு பாத்தா பெரும்பாலும் இன்னொரு சைட்டோகைன், அதாவது ஐஎல்-12, ஐஎல்-4 மாதிரி இன்னொரு சிக்னல், சில சமயம் அதே சைட்டோகைன்தான். இதைப் புரிஞ்சுக்கிட்டா இம்யூனாலஜியில மனப்பாடம் பண்ண வேண்டிய பாதி லிஸ்ட் தானா தலையில உக்காந்துரும், அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதுறேன்.

முதல்ல அடிப்படை, வேகமா சொல்லிடுறேன். ஹெல்பர் டி செல்னா மேற்பரப்புல சிடி4ங்கிற புரதம் இருக்கிற டி செல். இது நேரா போய் கிருமியைக் கொல்றது ரொம்ப கம்மி, மத்த செல்களை ஏவிவிடுறதுதான் இதோட முக்கிய வேலை. சைட்டோகைன்ங்கிறது ஒரு செல் வெளிய விடுற சின்ன சின்ன சிக்னல் புரதம், இன்டர்லூக்கின் (சுருக்கமா ஐஎல்), இன்டர்ஃபெரான் எல்லாம் இந்தக் குடும்பம்தான். அது வந்து ரிசெப்டர்ல ஒட்டினதும் ரிசெப்டரோட உள்பக்கத்துல காத்துக்கிட்டு இருக்கிற ஜாக்ங்கிற என்சைம்கள் முழிச்சுக்கும், அது ஸ்டாட்ங்கிற புரதத்துல (ஸ்டாட்1, ஸ்டாட்5னு நம்பர் போட்டு பல வகை இருக்கு) பாஸ்பேட் ஒட்டும், ஸ்டாட் ஜோடி சேந்து நியூக்ளியஸுக்குள்ள போய் சில ஜீன்களை ஆன் பண்ணும், சிலதை ஆஃப் பண்ணும். எல்லா சைட்டோகைனும் இந்த ரூட்ல போறதில்ல, டிஜிஎஃப் பீட்டா ஸ்மாட்ங்கிற வேற புரதங்களை வச்சு வேலை பாக்கும், ஆனா இன்னைக்கு நம்ம பேசப்போற பெரும்பாலானது ஜாக்-ஸ்டாட் கூட்டம்தான். இப்போ முக்கியமான இடம்: அந்த ஆன் ஆகிற, ஆஃப் ஆகிற ஜீன் லிஸ்ட்ல ரிசெப்டர்களோட ஜீன்களும் இருக்கு. அதாவது ஒரு சிக்னல் வந்து செல்லுக்கு வேலை சொல்றதோட நிக்காம, அடுத்து எந்த சிக்னல் அதுக்கு கேக்கணும் எது கேக்கக்கூடாதுன்னும் மாத்திட்டுப் போகுது.

ரிசெப்டர் எக்ஸ்பிரஷன்னு சொல்றது செல்லோட மேற்பரப்புல அந்த ரிசெப்டர் எவ்வளவு இருக்குங்கிற அளவுதான். ஜீன் லெவல்ல ஏத்தி இறக்கலாம், அது மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். ஏற்கனவே மேல இருக்கிற ரிசெப்டரை உள்ள இழுத்துக்கலாம், அது நிமிஷக்கணக்குல நடக்கும். இன்னொன்னு, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதியை என்சைம் வெட்டி ரத்தத்துல விட்டுடும், அதுக்கு அப்புறம் வரேன்.

ஐஎல்-2 கிட்ட இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா இந்த சப்ஜெக்ட்டையே இதை வச்சுதான் ஆட்கள் கத்துக்கிட்டாங்க. 1976ல டி செல்லை லேப்ல தொடர்ந்து வளர வைக்கிற ஒரு பொருள்னு கண்டுபிடிச்சாங்க, அப்போ அதுக்குப் பேரே டி செல் குரோத் ஃபேக்டர்தான். இதோட ரிசெப்டர் மூணு துண்டு சேந்தது. ஆல்ஃபா, அதுக்குத்தான் சிடி25னு பேரு, அப்புறம் பீட்டா, அப்புறம் காமா. இந்த காமா துண்டு ஐஎல்-2க்கு மட்டும் சொந்தமில்ல, ஐஎல்-4, 7, 9, 15, 21 எல்லாரும் அதைப் பங்கு போட்டுக்குறாங்க, அதனாலதான் அந்த ஒரு ஜீன் கெட்டுப்போன ஆண் குழந்தைகளுக்கு டி செல்லே உருவாகாம கடுமையான இம்யூன் குறைபாடு வருது. எக்ஸ் குரோமோசோம்ல இருக்கிற ஜீன், 1993ல கண்டுபிடிச்சாங்க.

பீட்டாவும் காமாவும் மட்டும் இருந்தா ஐஎல்-2 ஒட்டும், ஆனா சுமாரா ஒட்டும், கிட்டத்தட்ட 1 நானோமோலார் (இது செறிவோட அளவு) ஐஎல்-2 சுத்தி இருந்தாதான் பாதி ரிசெப்டராவது நிரம்பும். சிடி25 மட்டும் தனியா இருந்தா இன்னும் மோசம், 10 நானோமோலார், அதுவும் உள்ள சிக்னல் அனுப்புற அளவுக்கு அதுக்கு வால் கிடையாது. ஆனா மூணும் சேந்துட்டா 10 பைக்கோமோலார் போதும். அதாவது பீட்டா-காமா ஜோடிக்குத் தேவைப்பட்டதுல நூத்துல ஒரு பங்கு. உடம்புக்குள்ள சாதாரணமா இருக்கிற ஐஎல்-2 அளவு ரொம்ப கம்மி, அதனால சிடி25 இருக்கிற செல்லுக்குத்தான் அது கேக்கும், இல்லாததுக்கு பக்கத்துலயே நின்னாலும் கேக்காது.

புதுசா இருக்கிற, இன்னும் எந்தக் கிருமியையும் பாக்காத டி செல், நைவ் டி செல்னு சொல்லுவாங்க, அதுல சிடி25 கிட்டத்தட்ட இல்ல. அது தன்னோட ஆன்டிஜெனை, அதாவது தான் அடையாளம் கண்டுபிடிக்கிற கிருமித் துண்டைப் பாத்ததும் டி செல் ரிசெப்டர் வழியா சிக்னல் போய் ரெண்டு ஜீன் சேந்து ஆன் ஆகுது, ஒன்னு ஐஎல்-2, இன்னொன்னு சிடி25. ஒரு நாளைக்குள்ள மேற்பரப்புல சிடி25 நல்லா தெரிய ஆரம்பிக்கும். இப்போ அந்த செல் விட்ட ஐஎல்-2வை அதே செல்லோ பக்கத்து செல்லோ பிடிக்குது, ஸ்டாட்5 உள்ள போகுது, போய் ஆன் பண்ற ஜீன்கள்ல முக்கியமான ஒன்னு சிடி25 ஜீனே. அதாவது ஐஎல்-2 தன்னைப் பிடிக்கிற ரிசெப்டரையே கூட்டிக்குது. ஆன்டிஜென் சிக்னல் லேசா தொட்டு ஆரம்பிச்சு வச்சதை ஐஎல்-2 தானே இழுத்து பெருசாக்குது, இந்த பாசிட்டிவ் ஃபீட்பேக்னாலதான் ஆரம்பத்துல கொஞ்சூண்டு வித்தியாசமா இருந்த ரெண்டு செல், ரெண்டு நாள் கழிச்சு பாத்தா ஒன்னு பிரிஞ்சு பிரிஞ்சு பெருகிக்கிட்டு இருக்கும், இன்னொன்னு அப்படியே சும்மா நிக்கும்.

இன்னும் கிட்ட போய் பாத்தா ஒரு அழகான வேலை தெரியும். ஐஎல்-2 ஒட்டின ரிசெப்டர் சில நிமிஷங்கள்லயே மொத்தமா உள்ள இழுக்கப்படுது. உள்ள போனதும் ஐஎல்-2, பீட்டா, காமா மூணும் அழிக்கப்படுது, ஆனா சிடி25 மட்டும் அழியாம திரும்ப மேற்பரப்புக்கே வந்துடுது. அதனால சிடி25 நிறைய வச்சிருக்கிற செல் சுத்தி இருக்கிற ஐஎல்-2வை தொடர்ந்து உறிஞ்சிக்கிட்டே இருக்க முடியும்.

இதை முழுசா பயன்படுத்திக்கிற ஆள் ரெகுலேட்டரி டி செல், சுருக்கமா ட்ரெக். அதுவும் சிடி4 செல்தான், ஆனா ஏவிவிடுறதுக்கு பதிலா அடக்கி வைக்கிற வேலை. ஷிமோன் சகாகுச்சி 1995ல இந்த செல்களை அடையாளம் காட்டினதே சிடி25ஐ வச்சுதான், 2025ல மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல் கூட சேந்து அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது இந்த ட்ரெக் சம்பந்தப்பட்ட வேலைக்குத்தான். ட்ரெக் தானா ஐஎல்-2 உருவாக்காது, ஆனா எந்நேரமும் சிடி25 நிறைய வச்சிருக்கும். பக்கத்துல ஒரு ஹெல்பர் செல் முழிச்சு ஐஎல்-2 விட்டா இது குடிச்சுடும். கிருமி நிஜமாவே வந்து நிறைய ஹெல்பர் செல் சேந்து முழிச்சா ஐஎல்-2 இதுக்கு மிஞ்சி வழியும், அப்போ அவங்களோட சிடி25 ஏறும், ஃபீட்பேக் ஓடும். ஒன்னு ரெண்டு செல் சும்மா தப்பா முழிச்சிருந்தா அதுங்க பட்டினி. எனக்குத் தெரிஞ்சு இம்யூன் சிஸ்டம்ல அளவு பாத்து முடிவு எடுக்கிற ஏற்பாட்டுல இதைவிட சிம்பிளானது கிடையாது.

ஐஎல்-7 இதுக்கு நேர் எதிர். நைவ் டி செல் சண்டைக்குப் போகாம சும்மா சுத்திக்கிட்டு இருக்கும்போது உயிரோட இருக்க ஐஎல்-7 வேணும், அதைப் பிடிக்கிற ரிசெப்டரோட ஆல்ஃபா துண்டுக்கு சிடி127னு பேரு. ஐஎல்-7ஐ லிம்ஃப் நோடுக்குள்ள (நெறி கட்டுதுன்னு சொல்றோமே, அந்த முடிச்சு) சட்டம் மாதிரி தாங்கி நிக்கிற ஸ்ட்ரோமா செல்கள் ஒரு அளவாத்தான் விடும், டி செல் கேட்டுதேன்னு கூட்டி விடாது. இங்க ஐஎல்-2 மாதிரி வாங்கினவனுக்கே மேல மேல கிடைக்கிற ஏற்பாடு இருந்தா என்ன ஆகும், கொஞ்சம் செல் மட்டும் எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டு மிச்சம் எல்லாம் செத்துப்போகும், அதோட அந்த மிச்சத்துல எந்த செல் எந்தக் கிருமிக்கானதோ அதுவும் போயிடும். அதனால ஐஎல்-7 சிக்னல் வாங்கின செல் தன்னோட சிடி127 ஜீனை இறக்கிடுது. வாங்கியாச்சு, நகரு, அடுத்தவன் வாங்கட்டும். 2004ல எலிகள்ல இதைக் காட்டினாங்க. ஒரே குடும்பத்து சைட்டோகைன், ஒரே காமா துண்டு, உள்ள போறதும் அதே ஸ்டாட்5, ஆனா ஒன்னு தன்னோட ரிசெப்டரை ஏத்துது இன்னொன்னு இறக்குது. ஏன்னு யோசிச்சா வேலையைப் பொறுத்துதான்: ஐஎல்-2 தேர்ந்தெடுத்த சிலதைப் பெருக்கணும், ஐஎல்-7 எல்லாத்தையும் வாழ வைக்கணும்.

சரி, இப்போ முதல்ல சொன்ன படத்துக்கு வருவோம். டிம் மோஸ்மனும் ராபர்ட் காஃப்மனும் 1986ல எலியோட ஹெல்பர் டி செல்லுல ரெண்டு வகை இருக்குன்னு சொன்னாங்க, டிஹெச்1 இன்டர்ஃபெரான் காமா விடும், டிஹெச்2 ஐஎல்-4 விடும். ஒரு செல் எப்படி ஒரு பக்கம் சாயுது, சாஞ்ச பிறகு ஏன் திரும்பி வர்றது கஷ்டம்ங்கிறதுக்கு பதில் ரிசெப்டர்லதான் இருக்கு. ஐஎல்-12 ரிசெப்டருக்கு பீட்டா1, பீட்டா2னு ரெண்டு துண்டு. நைவ் செல்லுல பீட்டா2 போதுமான அளவு இருக்காது, அதனால நைவ் செல் மேல ஐஎல்-12ஐக் கொட்டினாலும் பெருசா ஒன்னும் நடக்காது. ஆன்டிஜென் சிக்னல் வந்து, கூடவே இன்டர்ஃபெரான் காமாவும் வந்தா, ஸ்டாட்1 வழியா டி-பெட்ங்கிற புரதம் உருவாகும், அது பீட்டா2வை ஏத்தும். அப்புறம்தான் ஐஎல்-12 கேக்கும், கேட்டதும் ஸ்டாட்4 உள்ள போகும், பீட்டா2 இன்னும் ஏறும், கூடவே ஐஎல்-18 ரிசெப்டரும் ஏறும், அதுக்கப்புறம் ஐஎல்-12ம் ஐஎல்-18ம் சேந்து வந்தா அந்த செல் ஆன்டிஜென் இல்லாமலே இன்டர்ஃபெரான் காமாவை விடும் அளவுக்குப் போயிடும்.

அதே செல்லுக்கு ஆரம்பத்துல ஐஎல்-4 வந்திருந்தா? ஸ்டாட்6 உள்ள போகும், அப்புறம் காட்டா3ங்கிற புரதம் உருவாகும். ஐஎல்-4 ரிசெப்டரோட ஆல்ஃபா துண்டு ஏறும், பீட்டா2 இறங்கும். இதுக்கப்புறம் சுத்தி எவ்வளவு ஐஎல்-12 இருந்தாலும் இந்த செல்லுக்கு அது எட்டாது. ஐஎல்-12ஐ எதிர்த்து யாரும் சண்டை போடல, அதைத் தடுக்க ஒரு மருந்தும் சுரக்கல, வாங்குற இடத்தை மூடிட்டாங்க அவ்வளவுதான். டிஹெச்2 பக்கம் சாஞ்ச செல்லுல காட்டா3 இன்னொன்னும் பண்ணும், எஸ்டி2ங்கிற ஐஎல்-33 ரிசெப்டரை ஏத்தும், அதனால தோலோ நுரையீரலோ அடிபட்டு ஐஎல்-33 வெளிய வந்தா இந்த செல்லுக்கு உடனே கேக்கும், டிஹெச்1க்கு அவ்வளவா கேக்காது. அலர்ஜி ஆராய்ச்சி பண்றவங்க எஸ்டி2வை விடாம துரத்துறதுக்குக் காரணம் இதுதான்.

மேல சொன்னதுல நிறைய எலியில பாத்தது. மனுஷ செல்லுல இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவும் பீட்டா2வை ஏத்தும், அந்த அளவுல கதை கொஞ்சம் மாறும். ஆனா ஐஎல்-12 ரிசெப்டர் மனுஷனுக்கும் முக்கியம்தான்னு 1998ல நல்லா தெரிஞ்சுது, பீட்டா1 ஜீன் கெட்டுப்போனவங்களுக்கு மத்தவங்களை ஒன்னும் பண்ணாத பலவீனமான மைக்கோபாக்டீரியாவும் (காசநோய்க் கிருமியோட குடும்பம்), பிசிஜி தடுப்பூசியில இருக்கிற கிருமியும், சால்மொனெல்லாவும் கடுமையா தாக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க.

டிஹெச்1ல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது, பாடத்துல அவ்வளவா வராது. டிஹெச்1 செல்தான் இன்டர்ஃபெரான் காமாவைக் கொட்டுற ஆள், ஆனா அதுவே தன்னோட இன்டர்ஃபெரான் காமா ரிசெப்டர்ல ரெண்டாவது துண்டை இறக்கி வச்சுக்குது. ஏன்னா இன்டர்ஃபெரான் காமா டி செல் பெருகுறதைத் தடுக்கும். தான் விடுறது தன்னையே அமுக்கிடக்கூடாதுல்ல. டிஹெச்2 செல் இன்டர்ஃபெரான் காமாவைப் பாத்ததே இல்ல, அதனால அதுல அந்த துண்டு அப்படியே இருக்கும், அதனால அதே இன்டர்ஃபெரான் காமா டிஹெச்2வை அமுக்கும், டிஹெச்1ஐ அமுக்காது. 1995ல இது வெளிவந்தப்போ, ரிசெப்டரை இறக்கினது டிஹெச்1ங்கிற அடையாளமே இல்ல, இன்டர்ஃபெரான் காமாவுல நனைஞ்சதுதான் காரணம்னும் காட்டினாங்க, டிஹெச்2 செல்லை அதுல ஊற வச்சா அதுவும் இறக்கிடும்.

டிஹெச்17ங்கிற இன்னொரு வகை ஹெல்பர் செல் பத்தி சுருக்கமா. ஐஎல்-23 இல்லாம டிஹெச்17 நோய் உண்டாக்குற அளவுக்குப் போகாது, ஆனா நைவ் செல்லுல ஐஎல்-23 ரிசெப்டரே கிடையாது, அதனால ஐஎல்-23 இதை ஆரம்பிச்சு வைக்க முடியாது. ஆரம்பிக்கிறது ஐஎல்-6ம் டிஜிஎஃப் பீட்டாவும், ஐஎல்-6 ஸ்டாட்3 வழியா ஐஎல்-23 ரிசெப்டரை ஏத்தும், அப்புறம் ஐஎல்-23 வந்து தன்னோட ரிசெப்டரை இன்னும் ஏத்திக்கும். டிஜிஎஃப் பீட்டா அளவு முக்கியம், கொஞ்சமா இருந்தா ரிசெப்டர் ஏறும், நிறைய இருந்தா இறங்கி செல் ட்ரெக் பக்கம் சாயும். 2006ல ஐஎல்-23 ரிசெப்டர் ஜீன்ல ஒரு சின்ன மாற்றம் இருக்கிறவங்களுக்கு குடலைத் தாக்குற குரோன்ஸ் நோய் வர்ற வாய்ப்பு குறையுதுன்னு தெரிஞ்சதும் மருந்து கம்பெனிகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பினாங்க. 

இது வரைக்கும் சைட்டோகைன் ரிசெப்டர் பத்தி மட்டும் பேசினேன். ஆனா செல் எங்க போகணும்னு சொல்ற ரிசெப்டர்களையும் சைட்டோகைன்தான் ஆட்டி வைக்குது, இதை நம்ம உடம்புலயே தொட்டுப் பாக்கலாம். சளி, காய்ச்சல் வந்தா கழுத்துல நெறி கட்டுது இல்லையா. டி செல் லிம்ஃப் நோடுக்குள்ள வந்து கொஞ்ச நேரம் சுத்திட்டு வெளிய போயிடும், வெளிய போற வழியை அதுக்குக் காட்டுறது எஸ்1பிஆர்1ங்கிற ரிசெப்டர். ரத்தத்துலயும் லிம்ஃப் திரவத்துலயும் எஸ்1பிங்கிற கொழுப்பு மூலக்கூறு நிறைய, நோடுக்குள்ள கம்மி, செல் அதை மோப்பம் பிடிச்சு வெளிய போகும். வைரஸ் வந்ததும் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா, பீட்டா கிளம்பும், அது நோடுக்குள்ள இருக்கிற லிம்ஃபோசைட்டுகள்ல சில மணி நேரத்துல சிடி69ங்கிற புரதத்தை ஏத்தும். சிடி69 என்ன பண்ணும்னா பக்கத்துல இருக்கிற எஸ்1பிஆர்1ஐப் பிடிச்சுக்கிட்டு செல்லுக்குள்ள இழுத்துடும். மோப்பம் போச்சு, வழி தெரியல, செல் உள்ளயே மாட்டிக்குது. வர்றவங்க வந்துக்கிட்டே இருக்காங்க, போறவங்க போகல, அந்த வீக்கம்தான் கையில தட்டுப்படுது. சும்மா அடைச்சு வைக்கிறதில்ல, சரியான டி செல்லும் சரியான ஆன்டிஜெனும் சந்திக்கிற வாய்ப்பு கூடுது, சந்திச்ச செல் சில நாள் பெருகின பிறகு சிடி69ஐ இறக்கி எஸ்1பிஆர்1ஐ திரும்ப ஏத்திக்கிட்டு கிளம்பிடும். 2010ல மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்ங்கிற நரம்பு நோய்க்கு வந்த ஃபிங்கோலிமாட் மாத்திரை இதையே செயற்கையா பண்ணுது, எஸ்1பிஆர்1ஐ உள்ள இழுக்க வச்சு டி செல்லை நோடுக்குள்ளயே நிறுத்துது, அதனாலதான் அதைச் சாப்பிடுறவங்களுக்கு ரத்தத்துல லிம்ஃபோசைட் எண்ணிக்கை குறைவா காட்டும். செல் செத்துப்போகல, ரத்தத்துல இல்ல, அவ்வளவுதான்.

எச்ஐவியும் இந்த ஏத்த இறக்கத்துல குளிர் காயுற வைரஸ்தான். உள்ள நுழைய சிடி4 மட்டும் போதாது, சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4ங்கிற ரிசெப்டர் ரெண்டுல ஒன்னு வேணும்னு 1996ல தெரிஞ்சுது. நைவ் செல்லுல சிஎக்ஸ்சிஆர்4 அதிகம், ஏற்கனவே சண்டை பாத்த மெமரி செல்லுல சிசிஆர்5 அதிகம். ஐஎல்-2 சிசிஆர்5ஐ ஏத்தும், ஐஎல்-4ம் ஐஎல்-7ம் சிஎக்ஸ்சிஆர்4ஐ ஏத்தும், அதனால உடம்புல எந்த சைட்டோகைன் ஓடுதுங்கிறதைப் பொறுத்து வைரஸுக்கு எந்தக் கதவு அதிகம் திறக்கும்ங்கிறது மாறும். இன்னொரு பக்கம், ரான்டெஸ் மாதிரி சிசிஆர்5ல ஒட்டுற கீமோகைன்கள் (செல்லை ஒரு இடத்துக்கு இழுக்கிற சிக்னல் புரதங்கள்) அந்த ரிசெப்டரை உள்ள இழுக்க வச்சு வைரஸுக்கு இடம் இல்லாம பண்ணும்.

மருந்து விஷயத்துல இந்த மொத்தக் கதையும் ஒரே மூலக்கூறுல தெரியணும்னா திரும்ப ஐஎல்-2தான். 1992ல கிட்னி கேன்சருக்கு, 1998ல மெலனோமாங்கிற தோல் கேன்சருக்கு ஹை டோஸ் ஐஎல்-2வுக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. டோஸ் அதிகமா இருந்தா சிடி25 தேவையே இல்ல, பீட்டா-காமா மட்டும் வச்சிருக்கிற என்கே செல்லும் (கெட்ட செல்லை நேரா கொல்ற வேற வகை இம்யூன் செல்) கொல்ற டி செல்லும் முழிச்சுக்கும், ஆனா ரத்தக்குழாய் கசியுற அளவுக்கு பக்கவிளைவும் வரும். 2011ல இன்னொரு குரூப் அப்படியே தலைகீழா யோசிச்சு ரொம்ப கம்மி டோஸ் குடுத்துப் பாத்தாங்க, அந்த அளவுக்கு எட்டுறது சிடி25 நிறைய வச்சிருக்கிற ட்ரெக்குக்கு மட்டும்தான், அதனால இம்யூனிட்டி ஏறுறதுக்கு பதிலா அடங்குச்சு, எலும்பு மஜ்ஜை மாற்றினதுக்கு அப்புறம் வர்ற கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட் நோயில (குடுத்தவரோட இம்யூன் செல் வாங்கினவரோட உடம்பைத் தாக்குறது) சிலருக்குப் பலன் தெரிஞ்சுது. ஒரே மருந்து, டோஸை மாத்தினா எதிர் வேலை. எச்ஐவி உள்ளவங்களுக்கும் ஐஎல்-2 குடுத்து ரெண்டு பெரிய ட்ரையல் நடந்துச்சு, ரெண்டும் சேத்து 5,000 பேருக்கு மேல, 2009ல ரிசல்ட் வந்தப்போ சிடி4 எண்ணிக்கை ஏறியிருந்தது, ஆனா நோயோ சாவோ குறையல. கிட்னி மாற்று சிகிச்சையில குடுக்கிற பாசிலிக்சிமாப் சிடி25லயே போய் ஒட்டிக்கிற ஆன்டிபாடி, முழிச்ச செல்லையும் ட்ரெக்கையும்தான் பிடிக்கும், சும்மா இருக்கிற நைவ் செல்லுல அது ஒட்ட இடமே இல்ல.

முதல்ல பாதியில விட்டேனே, வெட்டி ரத்தத்துல விடுற சமாச்சாரம், அதுவும் சிடி25தான். டி செல்கள் ஓயாம முழிச்சுக்கிட்டே இருந்தா வெட்டப்பட்ட சிடி25 ரத்தத்துல ஏறும், சொல்யூபிள் ஐஎல்-2 ரிசெப்டர்னு ரிப்போர்ட்ல வரும், எச்எல்எச்ங்கிற, இம்யூன் சிஸ்டம் கட்டுக்கடங்காம எகிறுற ஆபத்தான நோயைக் கண்டுபிடிக்கிற அளவுகோல்கள்ல ஒன்னு இது, மில்லிலிட்டருக்கு 2,400 யூனிட்டும் அதுக்கு மேலயும் இருந்தா கணக்குல எடுத்துப்பாங்க.

லேப்ல ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல் மேல இருக்கிற புரதங்களைப் பாத்து செல்லை வகை பிரிச்சு எண்ணுற முறை) பண்றவங்க ட்ரெக்கை எண்ணும்போது சிடி25 அதிகம், சிடி127 கம்மின்னு ரெண்டையும் சேத்துப் பாக்குறது ஏன்னு இப்போ யோசிச்சுப் பாருங்க. சிடி25 மட்டும் பாத்தா முழிச்ச ஹெல்பர் செல்லும் சேந்து வந்துடும், சிடி127 கம்மிங்கிறதையும் சேத்தா நிறைய வடிகட்டிடலாம். முழுசா வடிகட்ட முடியாது, ஏன்னா இப்பதான் முழிச்ச செல்லும் கொஞ்ச நாளைக்கு சிடி127ஐ இறக்கி வச்சிருக்கும், மனுஷ செல்லா இருந்தா ட்ரெக்கோட முத்திரைன்னு சொல்ற ஃபாக்ஸ்பி3ங்கிற புரதம் கூட தற்காலிகமா தலை காட்டும், அதனால காய்ச்சல்ல இருக்கிற ஒருத்தரோட சாம்பிள்ல ட்ரெக் எண்ணிக்கை ஏறியிருந்தா, அந்த எண்ணை அப்படியே நம்பாம காய்ச்சல் விட்ட பிறகு இன்னொரு சாம்பிள் எடுத்துப் பாக்குறது நல்லது.